சும்மாடு தந்த அம்மாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்பானவர்களே,

சில நாட்களாகச் சதுப்பில் புதிதாக ஒரு பறவைகூடச் செத்துக் கிடக்கவில்லை. இனி கொஞ்சம் மூச்சு விடலாம் என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். இன்னும் தள்ளிப்போட்டால் இந்த மடல் ஓர் அறிக்கையாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. இந்தக் கோடையில் பாட்டுலிசம் என்ற நோய், அதாவது ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு, நம் சதுப்புப் பறவைகளைச் சாய்த்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பலர் முழங்கால் சேற்றில் நின்று பார்த்தவர்கள். அதை மறுபடி விவரிக்க எனக்கு மனம் வரவில்லை.

கேட்டதுமே படகுகளை அவிழ்த்துத் தந்த மீனவர்களுக்கு நன்றி. தங்கள் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரைச் சதுப்புக்குத் திருப்பச் சம்மதித்த விவசாயிகளுக்கு நன்றி. கையுறையும் சாக்குமாகக் கோரைக்குள் புகுந்து, செத்த பறவைகளைத் தேடித்தேடி எடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஒரு சடலத்தை விட்டுவைத்தால் அதில் புழு வைக்கும், புழுவில் நஞ்சு சேரும், அந்தப் புழுவைத் தின்கிற அடுத்த பறவை விழும். இந்தப் பாட்டுலிச நஞ்சு பரவுகிற வழி அதுதான். அதை வழியிலேயே மறித்தவர்கள் இந்தப் பிள்ளைகள். ராத்திரி பகல் பார்க்காமல் குழாய் வைத்துத் தண்ணீர் புகட்டிய மருத்துவருக்கும் உதவியாளர்களுக்கும், பார்வை மாடத்தை மூடியபோது சலித்துக்கொள்ளாமல் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்ன ஆசிரியர்களுக்கும் நன்றி.

இவர்களில் யாருடைய உதவியும் சின்னதில்லை. ஆனாலும் இந்த மடலில் அதிக இடம் ஒருவருக்குத்தான். அவரை உங்களில் பலர் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கரையோரம் கோரை அறுத்துக் கட்டி, தலையில் சுமந்துகொண்டு போகிற ஒரு அம்மா. எங்கள் வேலியை ஒட்டித்தான் அவர் போகிற பாதை. அன்று கொட்டகைக்குள் கூடை கூடையாகப் பறவைகள். இந்த நஞ்சு, நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராமல் தடுத்துவிடும். கால் விழும், சிறகு விழும், அப்புறம் கழுத்தும் விழுந்துவிடும். உயிர் இருக்கும், ஆனால் தலையைத் தூக்க முடியாது. தண்ணீரில் இருந்தால் தலை கவிழ்ந்து மூழ்கியே சாகும். அதனால்தான் அவற்றை அள்ளிக்கொண்டு வந்தோம். கூடைக்குள்ளும் தலை சரிந்துகொண்டே இருந்தது. அப்படியே விட்டால், புகட்டிய தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். துண்டை மடித்து முட்டுக் கொடுத்தோம், அது நழுவிவிட்டது. ஒவ்வொரு பறவைக்கும் ஓர் ஆள் கழுத்தைத் தாங்கிப் பிடித்தபடி உட்கார வேண்டியிருந்தது. அத்தனை கைகளுக்கு எங்கே போவது?

அந்த அம்மா சுமையை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தலை நிக்கலையா தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், கையில் இருந்த சும்மாட்டை இன்னும் இறுக்கமாகச் சுற்றி ஒரு கூடைக்குள் வைத்தார். புள்ளிமூக்கு வாத்து ஒன்றை எடுத்து, அதன் நெஞ்சு நடுக்குழியில் பொருந்தும்படி அமர்த்தி, கழுத்தை விளிம்பின்மேல் சாய்த்தார். தலை நின்றது. பக்கத்தில் இருந்த மருத்துவர் எழுந்தே வந்து பார்த்தார்.

"சுமையைக் கொஞ்சம் தூக்கிவிடு தம்பி" என்றார் அந்த அம்மா. தூக்கிவிட்டபோதுதான் அந்தக் கட்டின் கனம் எனக்குத் தெரிந்தது. தலைக்கும் சுமைக்கும் நடுவில் இருந்த ஒரே துணியை எங்களிடம் விட்டுவிட்டு, வெறுந்தலையில் அதை ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் விடியும்போது ஒரு மூட்டையோடு வந்தார். பழைய சேலைகளைக் கிழித்து முறுக்கிக் கட்டிய சும்மாடுகள். நாமக்கோழிக்குச் சின்னது, வாத்துக்குப் பெரியது. யாரும் அளவு சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் அந்தக் கரையில் பார்த்த பறவைகள், அவர் கைக்கே அளவு தெரிந்திருக்கிறது. நெடுங்கால் உள்ளான்களுக்கு மட்டும் ஒன்று போதவில்லை. அந்த நீளக் கால்கள் உடம்புக்கடியில் நசுங்காமல் இருக்க, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினார். பணம் கொடுக்கப் போனோம். "கோரை குடுக்குற தண்ணியில கெடக்குற சீவன். அதுக்குக் காசா?" என்று சொல்லிவிட்டு அறுப்புக்குப் போய்விட்டார்.

எல்லாப் பறவைகளும் பிழைத்தன என்று எழுத ஆசைதான். பிழைக்கவில்லை. ஆனால் கழுத்து நின்றதால், தண்ணீர் புகட்டவும் காத்திருக்கவும் எங்களுக்கு நேரம் கிடைத்தது. நஞ்சு அதிகம் ஏறாத பறவைக்கு நல்ல தண்ணீரும் நிழலும் சில நாட்களும் கிடைத்தால் அது தானாகவே தேறிவிடும். அப்படித் தேறிப் பறந்தவை நிறைய.

1971 பிப்ரவரி 2ஆம் தேதி ஈரானின் ராம்சார் நகரில் ஈரநிலங்களுக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. ஈரநிலத்தை விவேகத்தோடு பயன்படுத்த வேண்டும் என்பது அதன் ஆதாரக் கருத்துகளில் ஒன்று. மனிதர்களை வெளியே நிறுத்திப் பூட்டச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் மாணவர்களுக்கு இதை நான் பலகையில் எழுதிக் காட்டுவேன். இனி எழுதும்போது எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம்தான் வரும். இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் 1946இல் பறவை ஆர்வலர் பீட்டர் ஸ்காட் தன் நீர்ப்பறவை மையத்தைத் தொடங்கியபோது, பொதுமக்களுக்கும் அதைத் திறந்துவிட்டார். பறவைகளை அருகிலிருந்து பார்க்கிறவர்கள் அவற்றைக் காக்கவும் முன்வருவார்கள் என்று நம்பினார். எங்களுடையதைப் போன்ற மையங்கள் பலவும் அந்த நம்பிக்கையில் நடப்பவைதான். தொலைநோக்கி வழியாகப் பார்ப்பவர்களை மனதில் வைத்து அதைச் சொல்லியே எனக்குப் பழக்கம். அறுவாளோடு இறங்கிப் பார்ப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்பதை இந்தக் கோடையில் கண்ணால் கண்டேன்.

அம்மா, உங்களுக்கு ஒரு வாக்கு. கோரை அறுக்க வருகிற யாருக்கும் இனி எங்கள் வாசலில் சீட்டு கேட்க மாட்டோம். பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்து வரும் நாட்களில், நீங்கள் சம்மதித்தால், பேசப்போவது நீங்கள். எந்தக் கோரை எப்போது அறுத்தால் மறுபடி தழைக்கும், எந்தப் பறவை எந்த மறைவில் முட்டையிடும் என்பதெல்லாம் எங்கள் விளக்கப் பலகைகளில் இல்லாத பாடம். அதற்குக் கூலி உண்டு, அதை மட்டும் நீங்கள் மறுக்கக் கூடாது.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த கோடையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததுமே, நோய் வரட்டும் என்று காத்திராமல், தினமும் விடியற்காலையில் சதுப்பைச் சுற்றி வரப் போகிறோம். செத்த பறவை எது கண்ணில் பட்டாலும் அன்றே எடுத்துவிட வேண்டும். கையுறையும் சாக்கும் மையத்தில் இருக்கும். வர முடிந்தவர்கள் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள், முறை போட்டுக்கொள்ளலாம்.

நெஞ்சு நிறைந்த நன்றியுடன்,
ஈரநில மையத்தின் எல்லோர் சார்பிலும்