அந்த 'அதாவது' சரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த பௌத்தக் கட்டுரையில், பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனரைப் பற்றி, 'நாகார்ஜுனர் எல்லாம் சூனியம் என்றவர், அதாவது எதுவுமே இல்லை என்றவர்' என்று ஒரு வரி. அந்த 'அதாவது'தான் என்னை எழுத வைத்தது.

சூனியம் என்றாலே நமக்கு வைப்பதும் எடுப்பதும்தான் ஞாபகம் வருகிறது. இல்லையென்றால் பூஜ்யம். குழப்பம் வரத்தான் செய்யும். ஆனால் இந்தக் கேள்வியை நாகார்ஜுனரே தம்முடைய நூலான மூலமத்தியமக காரிகையின் 24-ஆம் அத்தியாயத்தில் எதிராளியின் வாயால் கேட்க வைக்கிறார். எல்லாம் சூனியம் என்றால் புத்தர் சொன்ன நான்கு வாய்மைகளும் (துன்பம், அதன் காரணம், அதன் ஒழிவு, ஒழிக்கும் வழி) போச்சு, புத்தரும் போச்சு, சங்கமும் போச்சே என்கிறான் எதிராளி. அவர் அதை அப்படியே திருப்பிப் போடுகிறார். துன்பம் தன்னியல்பிலேயே நிலைத்து நிற்கும் பொருள் என்றால் அதை யாரால் ஒழிக்க முடியும்? சார்ந்து தோன்றுவதைத்தான் சூனியம் என்கிறோம் என்று 18-ஆம் பாடலில் நேராகவே சொல்லிவிடுகிறார். அங்கே இல்லாதது பொருள் அல்ல, பிறிதொன்றைச் சாராத தன்னியல்பு.

நான் காஞ்சிபுரத்தில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். மிலிந்தன் என்ற அரசனுக்கு நாகசேனர் என்ற பௌத்தத் துறவி, சக்கரமோ அச்சோ தனியாகத் தேர் ஆகாது என்று தேரை வைத்து விளக்கினாராம். எனக்குச் சேலை போதும். பட்டு கர்நாடகத்திலிருந்து வரும், சரிகை சூரத்திலிருந்து. உடலையும் கரையையும் இணைத்து நெய்யும் கோர்வை போடும்போது நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். இதில் சேலை எது? நீளவாட்டில் ஓடும் பாவா, குறுக்கே ஓடும் ஊடையா, சரிகையா? நூலை ஒவ்வொன்றாக உருவினால் சேலை என்று கையில் எதுவும் மிஞ்சாது. அதற்காகச் சேலையே இல்லை என்றால் எங்கள் வீட்டில் அடிக்க வருவார்கள். விலை பேசுகிறோம், முகூர்த்தத்துக்குக் கட்டுகிறார்கள், வருஷங்கள் போனால் மடிப்பில் இற்றுப்போகிறது. சேலைக்குள் மாறாத ஒரு 'சேலைத்தன்மை' இருந்திருந்தால் அதை நெய்திருக்கவும் முடியாது, அது இற்றும் போயிருக்காது.

'உண்டு' ஒரு முனை, 'இல்லை' மறுமுனை, இரண்டிலும் நில்லாதே என்று புத்தர் தம் சீடர் காத்யாயனருக்குச் சொன்ன உரையை 15-ஆம் அத்தியாயத்தில் நாகார்ஜுனர் பெயர் சொல்லியே காட்டுகிறார். கட்டுரையாளர் அவரைக் கொண்டுபோய் அந்த மறுமுனையில் நிறுத்திவிட்டார். சூனியத்தைத் தப்பாகப் பிடிப்பது பாம்பைத் தப்பாகப் பிடிப்பது போல என்றும் அவரே எச்சரித்திருக்கிறார்.

அப்புறம் ஒரு சின்ன வருத்தம். இப்படிச் சார்ந்து தோன்றுவதற்குக் கட்டுரை முழுக்க 'பிரதீத்யசமுத்பாதம்' என்றே வருகிறது. வாயில் நுழைகிறதா? மணிமேகலையின் 30-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் எங்கள் காஞ்சியில் வைத்துத்தான் பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டையும் சொல்கிறார். 'சார்பின் தோன்றி' என்ற தொடரே அங்கே இருக்கிறது. நாகார்ஜுனரின் வாதம் அந்தக் காப்பியத்தில் இல்லைதான், ஆனால் நமக்கு வேண்டிய சொல் இருக்கிறதே. கட்டுரைத் தொடரின் அடுத்த பகுதியிலாவது 'சார்பு' என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
காஞ்சிபுரம்.