விளையாட்டு நேரத்தில் எழுத்துப் பயிற்சி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யு.கே.ஜி. படிக்கும் என் பேத்தியின் கால அட்டவணையில் 'விளையாட்டு' என்று போட்டிருக்கும் நேரத்திலும் எழுத்துப் பயிற்சிதான் நடக்கிறது. கேட்டால், பெற்றோர் நோட்டைத்தான் பார்க்கிறார்கள் என்று பதில் வருகிறது. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை.

தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, பிள்ளைகள் பாண்டி ஆடுவதைப் பார்த்துக் கற்றது அதிகம். ஒற்றைக் காலில் நின்றபடியே குனிந்து சில்லை எடுக்கும் பிள்ளைக்கு உடல் வசப்படுகிறது. கோட்டை மிதித்தாயா இல்லையா என்று சண்டை மூளும்; நாம் குறுக்கே போகாமல் இருந்தால், ஆட்டம் நின்றுவிடுமே என்ற கவலையிலேயே அவர்களுக்குள் ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மறுபடியும் ஆடத் தொடங்கிவிடுவார்கள். அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் மூன்று வயதுத் தம்பியை விரட்டாமல், 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொண்டு, அவன் அவுட்டானாலும் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்களே, அந்தப் பெருந்தன்மையை எந்தப் பாடத்தில் வைத்து நான் சொல்லிக் கொடுத்திருக்க முடியும்? பல்லாங்குழியில் நான்கு முத்து சேர்ந்ததும் எண்ணிப் பார்க்காமலேயே 'பசு' என்று அள்ளும் குழந்தைக்குக் கணக்கு தானாக வருகிறது. மண் பிசைந்தும் புளியங்கொட்டை பொறுக்கியும் விரல்கள் உறுதிப்படும் முன்பே அவற்றில் பென்சிலைத் திணித்துவிட்டு, கையெழுத்து கோணல் என்று அந்தக் குழந்தையையே குறை சொல்கிறோம்.

பணம் கட்டிச் சேர்க்கும் கோடைக்காலப் பயிற்சி முகாம்களை நான் குறை கூறவில்லை. ஆனால், பயிற்சியாளரின் விசிலுக்கு ஓடும் இடத்தில் ஆட்டத்தின் விதியை மாற்றிப் பார்க்கும் சுதந்திரம் பிள்ளைக்குக் கிடையாது.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று கூறும் 31-ஆவது பிரிவைக் கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992-இல் ஏற்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்றே சொல்கிறது. எனவே, ஆய்வுக்கு வரும் கல்வித் துறை அலுவலர்கள் நோட்டுகளைப் புரட்டுவதோடு, அட்டவணையில் உள்ள விளையாட்டு நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளி விட்டதும் பூட்டப்படும் அரசுப் பள்ளி மைதானங்களை, ஒரு காவலரை அமர்த்தி, மாலை ஆறு மணி வரையாவது அந்தந்தத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட உள்ளாட்சி அமைப்புகளும் முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்,
திருச்சி.