பயிற்சியாளராகிவிட்ட உன் மகனைப் பற்றி

நாகர்கோவில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக அணியில் டென்னிஸ் ஆடிக்கொண்டே படித்த உன் மகன், போட்டிகளை விட்டுவிட்டு அங்கேயே உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்ததைத் துக்கச் செய்தி போல எழுதியிருக்கிறாய். எனக்கோ அதைப் படித்து மனம் நிறைந்தது.

நம் நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற அதே 1960ஆம் ஆண்டில், டெனிஸ் ரால்ஸ்டன் என்ற 17 வயது அமெரிக்கப் பையன், மெக்சிகோவின் ரஃபேல் ஒசுனாவுடன் சேர்ந்து அதே விம்பிள்டனில் இரட்டையர் பட்டத்தை வென்றான். அந்த ரால்ஸ்டனே 1966இல் அங்கே ஒற்றையர் இறுதியாட்டம் வரை முன்னேறி, பின்னாளில் டல்லாஸ் நகரில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளரானார். விம்பிள்டன் இறுதியாட்டம் ஆடியவர் ஏற்ற பணியை இறக்கம் என்று நாம் எப்படிச் சொல்வது?

டென்னிஸ்காரன் சிறு வயது முதல் தனியாகவே நின்று பழகியவன். அங்குள்ள கல்லூரிப் போட்டியிலோ ஆறு ஒற்றையர் ஆட்டங்களுக்கு ஆறு புள்ளிகள். மூன்று இரட்டையர் ஆட்டங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு புள்ளி. நான்கு புள்ளிகளை முதலில் எடுக்கும் அணிக்கு வெற்றி. மூன்றுக்கு மூன்று என்று நிற்கும்போது, அணி வரிசையில் கடைசியாக, யாரும் பெயர் அறியாத ஆறாம் இடத்துப் பையனின் ஆட்டத்தில்கூட அணியின் வெற்றியே தொங்கிக்கொண்டிருக்கலாம். பக்கம் மாறும் இடைவேளையில் பயிற்சியாளர் அவனருகே சென்று பேசலாம். தன் ஆட்டத்தை மட்டுமே எண்ணி வளர்ந்த உன் மகன், இப்போது அந்த ஆறாவது பையனின் படபடப்பையும், அவன் தேர்வு மதிப்பெண்ணையும், வீட்டு நினைவில் அவன் வாடுவதையும் கவனிக்க வேண்டியவன். இது ஆட்டத்தை விட்டு விலகுவது ஆகாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1966 முதல் 2004 வரை பயிற்சியாளராக இருந்த டிக் கூல்டு, தாம் மாணவராக ஆடிய அணிக்கே திரும்பிவந்து 17 தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். நம்மவர்களில் சோம்தேவ் தேவ்வர்மனை எடுத்துக்கொள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு ஆண்டுகளும் கல்லூரி ஒற்றையர் பட்டம் பெற்றவர், 2010 ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். இரட்டையர் தங்கத்தை அவரோடு வென்ற சனம் சிங்கும் வர்ஜீனியாவில் படித்தவரே. கல்லூரித் தளத்தில் ஒருவர் செலவிடும் உழைப்பு எங்கெல்லாம் போய்ச் சேருகிறது, பார்!

இங்கே ஆடிச் சாரல் விட்டபாடில்லை. மண் தளம் ஊறிக்கிடப்பதால் மாலைப் பயிற்சி அடிக்கடி நின்றுபோகிறது. ஆனாலும் பிள்ளைகள் வந்து சுவரில் பந்தடித்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள்.

உன் மகனுடைய கல்லூரி அணிப் போட்டிகள் ஜனவரியில் தொடங்கும். ஆகவே டிசம்பரில் அவன் குழித்துறைக்கு வருவான் என்று நினைக்கிறேன். வந்தால் ஒரு வாரமாவது இங்கே அனுப்பி வை. இரட்டையர் ஆட்டத்தில் வலையருகே எப்போது குறுக்கே பாய வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்கு அவன்தான் சொல்லித்தர வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்