ஊசிக்கு மயங்கும் என் மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

டாக்டர் எழுதிக் கொடுத்த ரத்தப் பரிசோதனையை நீ இன்னும் எடுக்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் மேல் கோபப்படாதே. போனில் கேட்டால் "சரிம்மா, அடுத்த வாரம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஊசியைப் பார்த்து நீ மயங்கி விழுவது கோழைத்தனம் இல்லை. நாய்க்கோ உயரத்துக்கோ பயப்படுகிறவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும். மயக்கம் அநேகமாக வராது. ரத்தம், ஊசி என்றால் மட்டும் உடம்பு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. பிரஷரும் நாடியும் முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, கண் இருட்டி, ஆள் சரிந்துவிடுவார். இது பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. உன் சின்னத் தாத்தாவுக்கும் இருந்தது. நான் வார்டில் வேலை பார்த்த காலத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள்கூட சிரிஞ்சைப் பார்த்ததும் பெஞ்சில் சாய்ந்திருக்கிறார்கள்.

அதனால் "உடம்பைத் தளர்த்திக்கோ" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வது உனக்குப் பொருந்தாது. தளர்த்தினால் பிரஷர் இன்னும் இறங்கத்தான் பார்க்கும். நீ செய்ய வேண்டியது நேர் எதிர். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் இதற்கென்றே ஒரு பயிற்சியை வகுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து கை, கால், வயிறு எல்லாவற்றையும் இறுக்கிப் பிடி. மூச்சை மட்டும் அடக்காதே. 10, 15 வினாடியில் முகத்தில் சூடு ஏறுவது தெரியும். அப்போது விட்டுவிடு, ஆனால் துவண்டுபோகாமல் சாதாரணமாக உட்கார். 20, 30 வினாடி கழித்து மறுபடியும் இறுக்கு. இப்படி 5 முறை. தினமும் சில வேளை செய்து பழகிக்கொள். ஊசி குத்தும் நாளில் அந்தக் கையை மட்டும் தளர்வாக வைத்துக்கொள்ள வேண்டும், அதையும் சேர்த்தே பழகு. பிரஷரோ இதயக் கோளாறோ இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

இது மயக்கத்துக்கு. பயத்தைப் போக்குவது வேறு வேலை.

டெஸ்ட்டைத் தள்ளிப்போடும்போதெல்லாம் அப்பாடா என்று ஒரு நிம்மதி வருகிறது இல்லையா, அதுதான் பயத்துக்குத் தீனி. ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனசு கற்றுக்கொள்கிறது. யார் எவ்வளவு புத்தி சொன்னாலும் அது மாறாது. பயந்த பொருளின் பக்கத்தில் இருந்து, ஒன்றும் ஆகவில்லை என்று நீயே பார்த்தால்தான் மாறும். அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்பவர் முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற குழந்தையை இப்படித்தான் தேற்றினார். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் அவன் அதைத் தொட்டு விளையாடினான். 1924இல் அவர் எழுதி வைத்தது இது. பிறகு தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்ப் இதை ஒரு முறையான சிகிச்சையாக்கினார். பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடும் வழக்கமும் அவருடையதுதான்.

உனக்குப் பயம் தருவதையெல்லாம் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசையாக நீதான் எழுதி மார்க் போட வேண்டும். சிரிஞ்ச் படம் பார்ப்பது உனக்கு 20 ஆக இருக்கலாம். ரத்தம் எடுக்கும் வீடியோ, ஊசி மாட்டாத சிரிஞ்சைக் கையில் வைத்திருப்பது, கையில் ரப்பர் கட்டி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் பார்ப்பது, லேபில் சும்மா போய் உட்கார்ந்திருப்பது, சர்க்கரை பார்க்கும் கருவியில் விரல் நுனியைக் குத்திக்கொள்வது என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றிலும் பயம் தணியும்வரை இரு. கண்ணை மூடுவதும் போனை நோண்டுவதும் ஓடிப்போவதன் இன்னொரு வடிவம்தான். தலை சுற்றினால் உடம்பை இறுக்கு. ஒரு படி பழகாமல் அடுத்ததற்குத் தாவாதே. யாராவது பிடித்து அமுக்கி ஊசி போட்டுப் பயம் போக்குகிறேன் என்றால் விடவே விடாதே; அது சிகிச்சை இல்லை, கொடுமை.

தனியாகச் செய்யக் கஷ்டமாக இருந்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டைப் பார். இந்த மாதிரி ஒற்றைப் பயங்களுக்கு வருஷக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. அதே ஓஸ்ட் 3 மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் பயம் போக்கும் முறையையும் கொண்டுவந்தார். எங்கே போவதென்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416ஐக் கூப்பிடு. அரசாங்கச் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

லேபில் உட்கார்ந்ததுமே "எனக்கு மயக்கம் வரும், படுக்க வைத்து எடுங்கள்" என்று சொல்லிவிடு. இதில் வெட்கம் எதற்கு? முன்கூட்டியே சொல்லும் ஆளைத்தான் எங்களுக்குப் பிடிக்கும். எடுத்து முடித்ததும் சட்டென்று எழுந்திருக்காதே.

வரிசையை எழுதி மார்க் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பு. லேபுக்குப் போகும் நாளைச் சொன்னால் நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா