புகை போட வருபவர்களுக்கு, கொருக்குப்பேட்டையிலிருந்து

வடசென்னைத் தெருக்களில் படப்பிடிப்பு நடத்த வரும் இயக்குநர்களுக்கும் ஒளிப்பதிவாளர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற சித்திரையில் உங்களில் ஒரு குழு எங்கள் தெருவுக்கு வந்தது. பெயர் வேண்டாம். இரண்டு இரவும் சண்டைக் காட்சி. புகை இயந்திரத்தைக் குழாயடியில் வைத்தார்கள். அதிலிருந்து வந்த வெள்ளைப் புகையை ஒரு பையன் தெர்மாகோல் அட்டையால் விசிறி விசிறி வாசல்படி உயரத்துக்குப் பரப்பினான். அது போதவில்லை போலும். இயந்திரம் வெள்ளைதான் தரும், கறுப்பு வேண்டும் என்றார்கள். நான்கு பழைய டயர்கள் வந்து இறங்கின.

போகிக்கு டயர் கொளுத்தாதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. நாங்களும் பிள்ளைகளின் காதைத் திருகி அந்தப் பழக்கத்தை ஒருவாறு நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் அன்று வரிசையாகத் திண்ணையில் உட்கார்ந்து டயர் எரிவதைப் பார்த்தார்கள். நடுநடுவே என் முகத்தையும் பார்த்தார்கள். கோடி வீட்டுப் பாட்டிக்கு இளைப்பு உண்டு, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று போய்க் கேட்டேன். "இன்னும் ஒரே ஷாட்தான் ஐயா" என்றார் ஒரு தம்பி. அந்த ஒரு ஷாட் விடியற்காலை நான்கு மணிவரை நீண்டது.

புகை என்றாலே முகம் சுளிக்கிற ஆள் என்று என்னை எண்ணிவிடாதீர்கள். புராணப் படத்தில் நாரதர் மறைகிற இடத்தில் வாயைப் பிளந்தவன் நான். பிற்பாடு சூட்சுமம் தெரிந்தது: கேமராவை நிறுத்துவது, ஆளை நகர்த்துவது, மறுபடி ஓட்டுவது. ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் படாமலிருக்கக் குபீரென்று கொஞ்சம் புகை. பிரான்சின் மெலியே 1902இல் எடுத்த நிலவுப் பயணப் படத்திலேயே இது வந்துவிட்டது. குடையால் ஒரு தட்டுத் தட்டினால் நிலவுவாசி புகையாகிப் போவான். சூட்சுமம் தெரிந்த பிறகும் எனக்கு அலுக்கவில்லை.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவா 1957இல் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் கதையை ஜப்பானுக்குக் கொண்டுபோய் எடுத்த படத்தில் இரண்டு வீரர்கள் வழி தவறிக் குதிரைகளில் அலைவார்கள். பனிக்குள் மறைவார்கள், வேறோர் இடத்தில் வெளிப்படுவார்கள், மறுபடி மறைவார்கள். போதும் போதும் என்று தோன்றும்வரை விடமாட்டார். அவர்கள் திசை தவறியதை நம் வயிறு உணரும். அது மூடுபனி, புகை அல்ல என்று திருத்த வருவீர்கள். மறைக்கிற தொழிலில் இரண்டும் பங்காளிகள். எங்கள் தெருவில் மாநகராட்சி ஊழியர் கொசுமருந்துப் புகை அடித்துக்கொண்டு போகும்போது, எவ்வளவு அதட்டினாலும் நான்கைந்து வாண்டுகள் அதற்குள் ஓடும். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு, எதிர்பாராத ஒரு வாசலருகே ஒரு தலை முளைக்கும். அந்த வீரர்களைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

'பிளேட் ரன்னர்' (1982) படத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டுடியோவுக்குள் நின்ற பழைய செட் தெருவை வருங்கால லாஸ் ஏஞ்சலஸாக்க வேண்டியிருந்தது. இரவையும் மழையையும் புகையையும் வைத்து அதன் பழமையை மூடினார் ரிட்லி ஸ்காட். அங்கே மறைப்பதற்கு ஒரு பொய்த் தெரு இருந்தது. எங்கள் தெருவில் எதை மறைத்தீர்கள்? படம் வந்ததும் போய்ப் பார்த்தேன். கிளிப்பச்சை அடித்த எதிர்வீட்டைக் காணவில்லை. வரிசையில் நிற்கும் நீலக் குடங்களைக் காணவில்லை. தெருவிளக்கின் கீழே பவுடர் தூவி நள்ளிரவுவரை கேரம் ஆடும் பையன்களின் பலகையைக் கூடக் காணவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பள்ளம், அதிலிருந்து அரிவாளோடு ஒருவன் வருகிறான். அதை எந்த ஊரிலும் எடுத்திருக்கலாமே, ஐயா. டயரையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம்.

புகை விளையாட்டுப் பொருளில்லை என்பதும் உங்கள் தொழிலுக்குத் தெரிந்த பழைய செய்திதான். 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்துக்காக 1938 டிசம்பரில் சூனியக்காரி செம்புகையில் மறையும் காட்சியை எடுத்தார்கள். சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் தரைக்கதவு வழியே முழுவதும் இறங்குவதற்குள் தீ கிளம்பிவிட்டது. முகமும் கையும் வெந்து பல வாரம் படுத்திருந்தார். திரும்பி வந்தவர், துடைப்பம் புகை கக்கும் காட்சியில் நடிக்க மறுத்துவிட்டார். அவருக்குப் பதில் நடித்த பெண்ணும் காயப்பட்டார். எங்கள் தெருவில் டயருக்குப் பெட்ரோல் ஊற்றிய அந்தப் பையனின் காலில் ரப்பர் செருப்புதான் இருந்தது. கையுறை இல்லை.

வடசென்னையில் புகைதான் வேண்டுமென்றால் கதைக்கா பஞ்சம்? முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சுட்டதில் துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோம். அந்தக் கப்பலுக்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகள். நான்காவதாகப் பொய்யாக ஒன்றை நிறுத்தி ஆங்கிலேயர் கப்பல்போல் வேடம் கட்டியது. புகைபோக்கியையே முகமூடியாக்கியவன் கதை! அதை எடுங்கள், குடும்பத்தோடு வந்து டிக்கெட் வாங்குகிறோம்.

மற்றபடி எங்கள் கோரிக்கை சிறியது. டயர் வேண்டாம். வருவதற்கு முந்தின நாளே தெருவில் சொல்லிவிடுங்கள். கொடியில் துணி போடாமல் இருப்போம், பாட்டியை அவர் மகள் வீட்டில் விட்டுவருவோம். இயந்திரத்தைக் குழாயடியில் வைக்காதீர்கள், காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும்.

இப்படிக்கு,
கிளிப்பச்சை வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன்