கஞ்சனைக் கஞ்சனாகவே விடுங்கள்: குடும்ப நாவல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். மாத நாவல் எழுதுகிறவர்கள், போனில் தினம் ஒரு எபி, அதாவது ஒரு அத்தியாயம், போடுகிறவர்கள், வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதி ஓய்ந்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது. நான் எழுத்தாளர் இல்லை. மயிலாடுதுறையில் 19 வருஷம் வாடகை நூலகம் நடத்தினேன். பத்துக்குப் பன்னிரண்டு கடை, இரண்டு பக்கமும் இரும்பு ரேக், வாசலில் ஒரு முக்காலி. 100 ரூபாய் அட்வான்ஸ், புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, ஒரு வாரம் தாண்டினால் மறுபடி வாடகை. உங்கள் நாவல்களை நான் படித்ததைவிடத் தைத்ததுதான் அதிகம். பின் அடித்து வரும் அந்தப் பழுப்புத் தாள் நாலு கை மாறினால் உதிர்ந்துவிடும். வந்த அன்றைக்கே பின்னைப் பிடுங்கிவிட்டு, கோணி ஊசியால் தைத்து, காக்கி அட்டை ஒட்டினால்தான் போட்ட காசு தேறும்.

தைக்கிறவளுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும். திரும்பி வந்த புத்தகத்தை மூடி வைத்து ஓரத்தைப் பாருங்கள். பூராவும் ஒரே பழுப்பாக இருக்காது. சில இடங்களில் மட்டும் கறுப்பாக ஒரு கோடு ஓடும். அங்கேதான் பத்துப் பேர் திரும்பத் திரும்பப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். பிரித்தால் மஞ்சள் விரல், எண்ணெய் விரல், டம்ளர் வைத்த வட்டம். கடையில் யாரும் என்னிடம் கதையைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொன்னதில்லை. "பரவால்ல" என்பார்கள், இல்லாவிட்டால் "இழுவை" என்பார்கள். மீதியை அந்தக் கோடுதான் சொல்லும்.

ஆறடி உயரம், அகன்ற தோள், கோவையில் நாலு மில் என்று நாயகனை வர்ணிக்கும் பக்கம் இருக்கிறதே, அது எப்போதும் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கும். நாயகியின் தந்த நிறம், மான் விழி வரும் பக்கமும் அப்படித்தான்.

கறுத்த பக்கம் எது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரத்தில் அதைத் திட்டப் போகிறேன். நாயகனுக்கு 41 வயது, அரசு அலுவலகத்தில் கிளார்க், படுகஞ்சன். சோப்பு தேய்ந்து வில்லையானதும் புது சோப்பின் முதுகில் ஒட்டுகிற ஆள். அவளுக்கு 36, முதல் கல்யாணம் முறிந்து வந்தவள், வாய் திறந்தால் பொய். தெருவில் நாலு பேரிடம் கைமாற்று வாங்கிவிட்டு நாலு சந்து சுற்றி வீட்டுக்கு வருவாள். இரண்டு பேருக்கும் வேறு வழியில்லை என்று சொந்தக்காரர்கள் முடித்து வைத்த கல்யாணம். அவன் தினம் ராத்திரி சாப்பிட்டதும் கணக்கு நோட்டைப் பிரிப்பான். காய்கறி, பால், பஸ் என்று அவளிடம் கேட்டுக் கேட்டு எழுதுவான். தினம் நாற்பது, ஐம்பது உதைக்கும். தினம் சண்டை. நடுவில் ஒரு நாள், அந்தப் பணம் அவள் ஊரில் இருக்கும் தம்பியின் சீட்டுக் கடனுக்குப் போகிறது என்பது வேறொருவர் மூலமாக அவனுக்குத் தெரிய வருகிறது. அவன் அவளிடம் எதுவும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி நோட்டில் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கோடு போடுகிறான். மேலே தலைப்பு எழுதுகிறான்: 'கேட்கக் கூடாதது.' அதற்குக் கீழே 40 ரூபாய். நோட்டை மூடாமல் மேஜையிலேயே வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறான். மறுநாள் அந்தப் பத்தியில் அவள் கையெழுத்தில் ஒரு வரி: மல்லிப்பூ, 20.

அவ்வளவுதான் அந்த அத்தியாயம். அந்த இரண்டு பக்கத்தையும் நான் மூன்று தடவை ஒட்டினேன்.

கடைசி அத்தியாயத்தில் அந்தக் கஞ்சன் கார் வாங்குகிறான், அவளுக்கு வைரத்தோடு வாங்குகிறான், அநாதை இல்லத்துக்கு நன்கொடை கொடுக்கிறான். அவளும் அன்றோடு பொய்யை விட்டுவிட்டாள். அந்தப் பக்கங்கள் இன்றைக்கும் சுத்தமாக இருக்கின்றன. ஒரு மஞ்சள் விரல் கிடையாது.

நான் கேட்கிறேன், அந்த மனுஷன் ஏன் திருந்த வேண்டும்? நோட்டில் ஒரு கோடு போட்டதே அவன் ஆயுசுக்கும் செய்த பெரிய செலவு. அதைப் படித்துவிட்டு மல்லிப்பூ என்று எழுதியவளுக்கு வைரத்தோடு எதற்கு? மற்ற நாவல்களிலும் இப்படித்தான். திக்கித் திக்கிப் பேசுகிற நாயகன் மணமேடையில் கடகடவென்று பேசுகிறான். கால் சாய்த்து நடக்கிற நாயகிக்கு வெளிநாட்டில் ஆபரேஷன் ஆகி அவள் மாடிப்படியில் ஓடி வருகிறாள். குறையோடு இருந்தவர்களைப் பார்க்கத்தானே நாங்கள் வாடகை கொடுத்தோம்? கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரையும் பழுது பார்த்து வேறு யாரையோ அனுப்பி வைக்கிறீர்கள்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாராவாரம் வருவார். "வீட்டுல கேட்டாங்க" என்று சொல்லி இரண்டு காதல் நாவல் எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போவார். பென்சிலால் ஓரத்தில் சந்திப்பிழை திருத்தியிருப்பதை வைத்து அதைப் படித்தது யார் என்று எனக்குத் தெரியும், கேட்டதில்லை. அவர்தான் ஒரு நாள் முக்காலியில் உட்கார்ந்து, பொருந்தாத ஜோடியை வைத்து இந்த நாவல்காரர்கள் எல்லாம் ஏதோ புதிதாக எழுதுவதாக நினைக்காதே அம்மா, இதற்குப் பெருந்திணை என்று பெயர் என்றார்.

எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். தொல்காப்பியத்தில் காதலுக்கு ஏழு திணை. நடுவில் இருக்கும் ஐந்தும் ஒத்த அன்பு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் கைக்கிளை. கடைசியில் வருவது பெருந்திணை, பொருந்தாத காதல். அதிலேயே மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில் தலைவன், தலைவிக்கு இருக்க வேண்டிய ஒப்பு என்று பத்து சொல்லியிருக்கிறதாம்: பிறப்பு, குடிமை, ஆண்மை, வயது, உருவு என்று போய்த் திருவில், அதாவது செல்வத்தில், முடிகிறது. ஜோசியர் பார்ப்பதும் பத்துப் பொருத்தம்தான்! எண்ணிக்கைகூட மாறவில்லை. வயது தாண்டிய காதலும் பெருந்திணை, பனைமடலில் குதிரை செய்து ஊர் நடுவே ஏறிக் காதலைச் சொல்கிறானே, அதுவும் பெருந்திணை. (நானும் திறந்த மடல் என்று தலைப்புப் போட்டு ஊர் நடுவே வந்திருக்கிறேன். சரி, போகட்டும்.) இதில் எனக்கு உறைத்தது வேறு. அடியோரையும் வினைவலரையும், அதாவது ஏவல் செய்பவர்களையும் கைவேலை பார்ப்பவர்களையும், அந்த ஐந்துக்குப் புறத்தேதான் வைத்திருக்கிறார்கள். பொருந்திய காதல் பெரிய வீட்டுக்கு, பொருந்தாதது வேலைக்காரர்களுக்கு. உங்கள் மில் முதலாளி நாயகன் எங்கிருந்து வருகிறான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்படிப்பட்ட இரண்டு வேலைக்காரர்களை வைத்துக் கலித்தொகையில் ஒரு பாட்டு இருக்கிறது, 94ஆவது. ஆசிரியர் அதை நடித்தே காட்டினார். அரண்மனையில் வேலை பார்க்கும் கூன் விழுந்த ஒரு பெண், குள்ளமான ஒருவன். அவன் வழிமறிக்கிறான். சூதாடும் பலகையை எடுத்து நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்துகொண்டு பட்டப்பகலில் என்னைக் கூப்பிடுகிறாயா என்கிறாள் அவள். அவனும் விடவில்லை. முன்னால் அணைத்தால் நெஞ்சில் குத்துகிறது, பின்னால் அணைத்தால் கூச்சமாக இருக்கிறது, பக்கவாட்டில் கொஞ்சம் அணைக்க விடேன் என்கிறான். அவளுக்குக் கோபம் வந்து போய்விடப் பார்க்கிறாள். அப்புறம் ஒருவழியாக, இனி கேலி செய்வதில்லை என்று சமாதானம் ஆகிறார்கள். இங்கே வேண்டாம், பேயும் பேயும் கூத்தாடுகின்றன என்று அரண்மனையில் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சோலைப் பக்கம் போகலாம் என்று கிளம்புகிறார்கள்.

எழுதிய புலவர் அவர்களைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று, பாட்டு முடியும்போதும் அவளுடைய கூன் நிமிரவில்லை. அவன் ஒரு அங்குலம் வளரவில்லை. அப்படியே எழுந்து போகிறார்கள். இன்றைய மாத நாவலாக இருந்தால் அரண்மனை வைத்தியர் ஒரு மூலிகையோடு வந்திருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் எங்கள் ஊர்ப் பெருமையும் இருக்கிறது. தமிழில் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை எங்கள் மாயூரத்தில் முன்சீபாக இருந்தவர். 1879இல் வந்தது அந்த நாவல், 'பிரதாப முதலியார் சரித்திரம்'. நாயகன் விளையாட்டுப் பிள்ளை. மனைவி ஞானாம்பாள்தான் கெட்டிக்காரி. ஆண் வேஷத்தில் ஒரு நாட்டுக்கே அரசாகிவிடுகிறாள். உங்கள் தொழில் தொடங்கியதே இப்படி ஏறுமாறான ஒரு ஜோடியை வைத்துத்தான்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். 'ஆன்டி ஹீரோ', அதாவது வில்லன் வேலை பார்க்கும் நாயகன்.

அறைகிறான், கடத்துகிறான், அவள் மயங்கிக் கிடக்கும்போது தாலி கட்டுகிறான். முப்பதாவது அத்தியாயத்தில் அவனுக்குச் சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டாள் என்று ஒரு ஃபிளாஷ்பேக். சரி, பாவம். அதற்கு இவள் கன்னம் என்ன செய்தது? கேட்டால், அவனும் குறையுள்ள மனிதன்தானே, குறையோடு இருந்தால்தான் பிடிக்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்பீர்கள். குறையும் கொடுமையும் ஒன்றா? சோப்பை ஒட்டுகிறவனோடு இருக்கும் பெண் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அடிக்கிறவனோடு இருப்பவள் எந்த வேலையைப் பார்த்தாலும் காது அவன் செருப்புச் சத்தத்திலேயே இருக்கும். குடும்ப வன்முறைக்கு எதிராக 2005இல் வந்த சட்டத்தில் அடி மட்டுமல்ல, வசவும் பணத்தை முடக்குவதும்கூட வன்முறைதான். உங்கள் நாயகர்களில் பலர் முதல் பத்து அத்தியாயத்துக்குள் அத்தனையிலும் தேறிவிடுவார்கள்.

அந்த மாதிரி நாவல்கள் என் கடையில் ஓடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நன்றாகவே ஓடின. வாடகைக்காக நானும் வாசல் ரேக்கில்தான் அடுக்கினேன். வாசகர்கள் கேட்கிறார்கள், எழுதுகிறோம் என்று நீங்கள் சொல்வதும் எனக்குத் தெரியும். ஆனால் ஓரத்தைப் பார்த்தவள் நான். அறை விழும் பக்கம் வெளுத்தே இருக்கும். அவன் மன்னிப்புக் கேட்க வந்து வாசலில் நிற்கிறான், அவள் கதவைத் திறக்காமல் உள்ளே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருக்கிறாள் என்று ஒரு இடம் வருமே, அந்தப் பக்கம்தான் கறுத்துக் கிழிந்து வரும். அவன் நிற்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று படித்திருக்கிறார்கள். அறையை அவர்கள் கேட்கவில்லை. வாசலில் நிற்கிற ஆணைக் கேட்டார்கள். வீட்டில் அப்படி யாரும் வந்து நின்றதில்லை போலிருக்கிறது.

மத்தியானம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஒரு பெண் வருவார். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மெதுவாக, "அக்கா, இதுல அடிக்கிறவன் இருக்கானா?" என்று கேட்பார். இருக்கிறான் என்றால் ரேக்கில் வைத்துவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அவருக்குத் தருவதற்கென்று ஒரு ஐம்பது நாவல் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அவை தீர்ந்ததும் முதலிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டு போனார்.

எத்தனையோ ஜோடி எழுதலாமே. பக்கத்து வீட்டுக்காரி மாதிரி நாலு மணிக்கே எழுந்து வீடு பூரா கடிகாரம் மாட்டி வைத்திருக்கும் ஒருத்தி, அடுத்தவர் முகூர்த்தத்துக்கு மட்டும் நேரத்துக்குப் போகும் தவில்காரர் ஒருவர். காது மந்தமான டெய்லர், மூச்சுவிடாமல் பேசும் நர்ஸ். யாரும் இளைக்க வேண்டாம், சிவக்க வேண்டாம், பணக்காரராக வேண்டாம். கடைசி அத்தியாயத்திலும் தவில்காரர் லேட்டாகவே வரட்டும். அவள் ஒரு கடிகாரத்தை மட்டும் பத்து நிமிஷம் பின்னுக்குத் தள்ளி வைத்தால் போதும். அந்தப் பக்கம் கறுத்துப் போகும் என்று நான் எழுதியே தருகிறேன்.

கடையை மூடி நாலு வருஷம் ஆகிறது. புத்தகங்களில் பாதி எடைக்குப் போயின. ஒரு 300 மாடியில் பீரோவில் இருக்கின்றன. பழைய ஆட்களில் மூன்று பேர் இன்னும் வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிறார்கள், வாடகை வாங்குவதில்லை. அதில் ஒருவர் அந்த மத்தியான நேரத்துப் பெண். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். வரும்போதெல்லாம் மாடிப்படியில் நின்றபடியே, "கணக்கு நோட்டுக்காரன் மாதிரி புதுசா எவனாவது வந்தானாக்கா?" என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்று சொல்லிப் பழையதையே கொடுத்து அனுப்புகிறேன். செவ்வாய்க்கிழமை மறுபடி வருவார்.

இப்படிக்கு,
மயிலாடுதுறையிலிருந்து ஒரு பழைய வாடகை நூலகக்காரி