இரும்பு பம்பர் மாட்டிய கதை

டப்போ, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியா
ஜூலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் புரை அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் மனம் லேசானது. மறு கண்ணையும் தள்ளிப் போடாமல் செய்துவிடு. உன் மகன் பொலேரோ பிக்கப் எடுத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். வாடகை வண்டிக்காக விடிய விடியக் காத்திருந்து, தக்காளி வாடிப்போய் ஒட்டன்சத்திரம் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்த நாட்கள் முடிந்தன என்று நினைக்கவே நிறைவாக இருக்கிறது.

கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தாய்: "நீ உன் வண்டிக்கு இரும்பு பம்பர் போட்டிருக்கிறாயாமே, இவனும் கேட்கிறான், நம் ஊர்ப் பட்டறையிலேயே ஒன்று அடித்து மாட்டிவிடலாமா?" அந்த ஒரு வரிக்குத்தான் இந்த நீளமான பதில்.

முதலில் நான் ஏன் போட்டேன் என்று சொல்கிறேன். போன ஆண்டு மே மாதக் கடைசி. கோபார் சுரங்கத்தில் வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். இங்கே மே என்றால் குளிர் தொடங்கிவிடும், ஐந்தேகால் மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கோபாரிலிருந்து டப்போ ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நிங்கன் வரையிலான சாலை கோடு கிழித்தாற்போல் நேராகப் போகும். அனுமதித்த வேகம் 110. மழை நீர் தாரிலிருந்து வழிந்து ஓரத்தில் இறங்குவதால், காடெல்லாம் காய்ந்து கிடந்தாலும் சாலை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பசும்புல் நிற்கும். அதை மேயத்தான் அந்தி நேரத்தில் கங்காருக்கள் வருகின்றன.

ஹெர்மிடேல் தாண்டிச் சிறிது தூரத்தில் இடப்பக்கத்திலிருந்து ஒன்று தாவியது. பார்த்ததும் பிரேக்கை அழுத்தினேன், ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்: விலங்குக்காக வண்டியைத் திருப்பாதே, திருப்பினால் வண்டி உருளும், ஆள் போவான். இடி விழுந்தது போல ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பம்பர் நொறுங்கிக் கிடந்தது. ரேடியேட்டர் பின்னால் தள்ளப்பட்டு ஃபேனில் இடித்துக்கொண்டிருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் இளஞ்சிவப்புக் கூலண்ட் சொட்டுச் சொட்டாகச் செம்மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்த உயிரிடம் போனேன். பெண் கங்காரு. செத்துவிட்டது. பையில் குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாய் இறந்த பிறகும் குட்டி உயிரோடு இருக்கும், அதை மீட்டு வளர்ப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். கையை உள்ளே விட்டேன். இன்னும் சூடாக இருந்தது. குட்டி இல்லை. அந்தச் சூடு பல நாள் என் கையை விட்டுப் போகவில்லை, மாப்பிள்ளை.

செல்போனில் சிக்னல் இல்லை. எஞ்சினை ஓட்டினால் கொதித்துப் போகும். இரண்டு மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தேன். பிறகு இரண்டு டிரெய்லர் இழுத்து வந்த ஒரு லாரி ஓட்டுநர் நிறுத்தி, ரேடியோவில் நிங்கனுக்குச் சொன்னார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ரேடியேட்டர் போனால் அந்தச் சாலையில் மனிதன் எவ்வளவு தனி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. அப்படி நின்றுவிடாமல் வீடு வந்து சேர வேண்டும், அதற்காகத்தான் பம்பர்.

இங்கே இதைப் புல் பார் (bull bar) என்பார்கள். அலுமினியத்திலும் உண்டு, எடை குறைவு. நான் இரும்பையே எடுத்தேன். வளைந்தால் நிமிர்த்தலாம், நாம் கற்ற வெல்டிங் அதற்குப் போதும். என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் மாடலுக்கென்றே செய்து, ஏர்பேக்கோடு சேர்த்துப் பரிசோதித்ததாகச் சான்று உள்ளதைத்தான் வாங்கினேன். ஏறக்குறைய 60 கிலோ. பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். ஒரு சனிக்கிழமை காலை அவருடைய கொட்டகையில் ஆரம்பித்தோம்.

பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு கிரில்லின் மேலே உள்ள கிளிப்புகளை எடுத்தோம். குளிரில் பிளாஸ்டிக் விறைத்துப் போயிருந்ததால் இரண்டு உடைந்தன. சக்கர வளைவுக்குள் இருக்கும் திருகுகள், ஃபாக் லைட் பிளக்குகள் எல்லாம் கழன்றதும், பம்பர் என்று நாம் நினைக்கிற அந்தப் பெரிய பிளாஸ்டிக் ஓடு இரண்டு பேர் கையில் பஞ்சு மாதிரி வந்துவிட்டது. அதன் பின்னால் குறுக்காக ஓர் இரும்புச் சட்டம், சேஸிஸின், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின், இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உண்மையான பம்பர் அதுதான். அதையும் கழற்றி, அந்த இடத்தில் புதிய பிராக்கெட்டுகளைச் சேஸிஸில் நேராக மாட்ட வேண்டும். அந்த பிராக்கெட்டை நான் வெகு நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரிடத்தில் வேண்டுமென்றே மடிப்பு வைத்திருக்கிறார்கள். பெரிய மோதலில் அது அங்கே மடங்கும். மடங்குகிற அந்த நொடித் துளியில் அடியின் வேகம் கொஞ்சம் செத்துவிடும். ஏர்பேக் எப்போது விரிய வேண்டும் என்பதை வண்டி உணர்வதும் அந்த மடிப்பைப் பொறுத்துத்தான். கம்பியை வளைத்துப் பற்றவைத்த எந்தப் பட்டறைச் சாமானிலும் இந்த மடிப்பு இருக்காது.

பெரியவர் என் கையில் ஒரு போல்ட்டைக் கொடுத்து, தலையில் பொறித்திருந்த 8.8-ஐ விரலால் தடவிக் காட்டினார். எனக்கு நம் ஐ.டி.ஐ. வகுப்பு கண் முன்னே வந்து நின்றது. நம் மாஸ்டர் உன்னை எழுப்பி இதே கேள்வியைக் கேட்டார், நீ டக்கென்று சொன்னாய்: முதல் எட்டு என்றால் 800 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும், அடுத்த எட்டு என்றால் அதில் 80 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். 4.6 போல்ட் தாங்குவது அதில் பாதி. குறியே இல்லாத போல்ட் எதைத் தாங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வண்டியின் முகத்தில் தொங்குகிற 60 கிலோ இரும்பைக் குறியில்லாத போல்ட்டில் விடக்கூடாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜாக்கியின் மேல் பலகை, பலகையின் மேல் பழைய கம்பளி. அதில் பம்பரை வைத்து அங்குலம் அங்குலமாக ஏற்றினோம். மாட்டுவதைவிட நேர் பார்ப்பதுதான் வேலை. போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு, பம்பருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக வரும் வரை தட்டித் தட்டி நகர்த்தினோம். பார்வைக்காக மட்டும் இல்லை. பாடி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, பம்பர் சேஸிஸோடு கட்டப்பட்டிருக்கிறது. மேடு பள்ளத்தில் இரண்டும் தனித்தனியாக அசையும். நெருக்கி வைத்தால் ஒரே வாரத்தில் பெயின்ட்டைத் தின்றுவிடும். கடைசியில் டார்க் ரென்ச்சால், அதாவது எவ்வளவு இறுக்க வேண்டுமோ அவ்வளவு மட்டும் இறுக்குகிற ஸ்பேனரால், முடுக்கி, ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தார் பெரியவர். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். 500 கிலோமீட்டர் ஓட்டி வந்து மறுபடி பார்த்தபோது ஒரு நட்டில் கோடு மயிரிழை விலகியிருந்தது. அந்த ஒரு கோட்டுக்காக அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

வண்டியின் மூக்கு 15 மில்லிமீட்டர் இறங்கியது. மாட்டுவதற்கு முன்னும் மாட்டிய பின்னும் அளந்து வைத்திருந்ததால் தெரிந்தது. முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கைக் கனமானதாக மாற்றி, ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பார்த்துத் திருத்தினேன். டீசலும் கொஞ்சம் கூடுதலாகத்தான் குடிக்கிறது.

இப்போது உன் மகன் விஷயம். போட வேண்டாம், மாப்பிள்ளை. 2017 டிசம்பரிலேயே மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பம்பர் கார்டு, அதாவது முகப்பில் மாட்டும் இந்த இரும்புச் சட்டம், மாட்டிய வண்டிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு அது விரோதம். ஆனால் அபராதத்துக்குப் பயந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் சாலையில் எதிரே வருவது கங்காரு. அவன் சாலையில் விடிகாலை நாலு மணிக்கு எதிரே வருவது பால்காரரின் சைக்கிள், மொபட்டில் கீரைக்கட்டு வைத்து வரும் பெண், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். பிளாஸ்டிக் பம்பர் ஒரு மனிதன் மேல் படும்போது அதுவாக உடைந்து அவனைக் கொஞ்சமாவது காப்பாற்றும். இரும்புக் குழாய் உடையாது. உடைவது அவன் முழங்கால்தான். பட்டறையில் அடிக்கிற கார்டோ பம்பர் போல்ட்டிலேயே தொங்கும். ரேடியேட்டரையும் காப்பாற்றாது, அடியை நேராகச் சேஸிஸ் முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அவனுக்கு ஆசை இருக்கும், புது வண்டி. அந்தப் பணத்தில் வண்டியின் பின்னாலும் பக்கவாட்டிலும் நல்ல தரமான பிரதிபலிப்புப் பட்டை ஒட்டச் சொல். பனியில் பின்னால் வருகிறவன் தூரத்திலேயே பார்க்க வேண்டும். சுமை ஏற்றினால் மூக்கு தூக்கிக்கொண்டு ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும், அதையும் இறக்கி வைக்கச் சொல்.

ஒன்று சொல்ல மறந்தேன். பிக்கப்பை இங்கே யூட் என்கிறார்கள். 1930-களின் தொடக்கத்தில் ஒரு விவசாயியின் மனைவி ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் எழுதினாராம்: ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று. 1934-இல் ஜீலாங் தொழிற்சாலையில் அப்படி ஒன்றைச் செய்துவிட்டார்கள். ஞாயிறன்று அம்மாவைப் பழனிக்கு அழைத்துப் போய்விட்டு, மறுநாள் அதே வண்டியில் தக்காளி ஏற்றியதாக நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாள்தான் நினைவுக்கு வந்தார்.

தைப்பூசத்துக்கு ஊருக்கு வருகிறேன், விடுமுறை கிடைத்துவிட்டது. டார்க் ரென்ச் ஒன்று கொண்டு வருகிறேன், உன் மகனுக்கு. சக்கர நட்டை அதில் முடுக்கப் பழக்குவோம். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்